தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி

அக்கா பொண்ணோட பழைய லேப்டாப் பொசுக்பொசுக்குனு அணைஞ்சு போகுது.
ப்ராஜெக்ட் பாதியில நிக்குது. புள்ளைக்குக் கண்ணே கலங்கிருச்சு.
கடையில "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க.

மனசு கேக்கல.
சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரையும் கழட்டிட்டுப் பார்த்தேன்.

ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி அடைச்சுக் கிடக்கு. காத்து எங்கிட்டுப் போகும்?
ப்ராசஸர் மேல சூட்டைக் கடத்துறதுக்காக இருந்த தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொருக்குத் தட்டிருச்சு.

சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினா பெரும்பாலான ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் அடங்கலைன்னா மொத்தமா அணைஞ்சிரும். கருகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷால தூசியை எடுத்தேன். பழைய பேஸ்ட்டை வழிச்சுட்டுப் புதுசு கொஞ்சம் வச்சேன்.
ராத்திரி முழுக்க ஓடுச்சு. ப்ராஜெக்டும் முடிஞ்சிருச்சு!

ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட். இதுக்காகப் படிக்கிற புள்ளையோட மெஷினைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னாங்களேன்னு ஆத்திரமா வருது.

பேட்டரி உப்பியிருந்தா மட்டும் அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துருங்க.

மத்தபடி, உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஒண்ணு கிடக்கா? ஒரு தடவை திறந்து பாருங்களேன்.