கல்லுக்கும் கெடு உண்டு

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள். 'ஏர் பிளாஸ்ட்' பற்றித்தான் சொல்வார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய்க் குடியேறிய குடும்பங்கள் அவர்களுடையவை. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தரை அதிரும், தட்டு நகரும். யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறாரோ என்று குடியிருப்பு லைன் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும்.

பெயர்தான் ஏர் பிளாஸ்ட். வெடித்தது காற்றல்ல, பாறை. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் மேலே கிடக்கும் பாறையின் சுமை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ. நடுவில் தாதுவை வெட்டி எடுத்துவிட்டால், அது சுமந்துகொண்டிருந்த பாரமும் பக்கத்துச் சுவர்களின் தலையில் விழுகிறது. வெட்டிய அன்றைக்குச் சுவர் அசையாமல் நிற்கும். பிறகு ஒருநாள், யாரும் வேட்டு வைக்காத நேரத்தில், சிதறும்.

அன்று தாங்கியது இன்று ஏன் தாங்கவில்லை? கூடுதல் பாரம் ஏதும் ஏறவில்லையே!

எந்தப் பாறையிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. பாரம் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. கருங்கல் போன்ற பாறையில், அங்கே சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் பிணைப்பு விறைத்துப்போயிருக்கும். கீறலுக்குள் கசிந்த ஈரம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. கீறல் ஓர் அணு அளவு நீள்கிறது. மறுபடி அடுத்த பிணைப்பு. பாறை உடைவதற்கு வேண்டிய விசையில் ஒரு பகுதி இருந்தாலே இந்த வேலை நடக்கும். பாரம் ஏறிய புதிதில் பாறை கொஞ்சம் வேகமாக நெளியும், பிறகு மந்தமாகும். அந்த மந்தமான காலம்தான் நம்மை ஏமாற்றுவது. பல வருஷம்கூட நீடிக்கும். தனித்தனிக் கீறல்கள் ஒன்றையொன்று எட்டிப்பிடித்த பிறகு வேகம் கூடும். அப்புறம் எச்சரிக்கைக்கு நேரம் இருக்காது.

அதனால்தான் புத்தகங்களில் அச்சிடும் 'கருங்கல்லின் வலிமை' என்ற எண் எனக்கு அரைகுறையாகப் படுகிறது. சில நிமிடங்கள் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்த எண் அது. எவ்வளவு நேரத்துக்கு என்று சேர்க்காவிட்டால், கடன் தொகையை மட்டும் எழுதிவிட்டுத் தவணை எழுதாத பத்திரம் போலத்தான்.

நேரத்தையும் சேர்த்து அளக்க முயன்றவர்கள் உண்டு. ஜப்பானில் குமகாய், இட்டோ என்ற இருவர் 1957இல் இரண்டு மீட்டரைவிட நீளமான கருங்கல் உத்தரங்களை வைத்துவிட்டு, அவை வளைவதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்து வருஷக் கணக்கை 1971இல் வெளியிட்டார்கள். காற்றின் ஈரம் கூடிக் குறைவதற்கேற்பக் கல்லும் மாறியதால், அதைத் தனியாகக் கழித்துத்தான் உண்மையான வளைவைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்குச் சில வருஷத்துக்கு மேல் மானியம் கிடைப்பது அரிதான இன்றைய காலத்தில், கல் வளைகிறதா என்று பத்து வருஷம் பார்க்க யார் அனுமதிப்பார்கள்?

பாறை சிதறாமலிருக்கத் தங்கவயலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள், கருங்கல் அடுக்கினார்கள், பின்னாளில் கான்கிரீட்டையும் நிரப்பினார்கள். அதிர்வுகளைப் பதிவு செய்யக் கருவிகள் வைத்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே உருவானது. 2001இல் சுரங்கங்களை மூடினார்கள், தண்ணீர் ஏறியது. ஆள் இறங்காத அந்த ஆழத்திலிருந்து அதற்குப் பின்னும் அதிர்வுகள் பதிவாயின.

மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும்போதும், குவாரியை ஒட்டி வீட்டுமனை பிரிக்கும்போதும், "பாறை பலமானது" என்று ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள். எத்தனை வருஷத்துக்கு என்றும் கேளுங்கள்.