கேஸ் எங்கே போச்சு?

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், என் காரின் ஏசி அனல் ஊத ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை போன கடையில், "கேஸ் கம்மி சார்" என்று பத்தே நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பாயிடம் போனேன். கடை என்பது ஒரு ஷட்டர் மட்டும். வேலையெல்லாம் தெருவோரம்தான்.

பாய் கருவி எதையும் தொடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஏசி பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் காதைக் கொடுத்தார். "டக்குன்னு ஒரு சத்தம் வரணும். வரலையே."

பெல்ட் மாட்டிய புல்லி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முகப்பிலுள்ள கிளட்ச் தட்டு அசையவே இல்லை. காந்தம் அதை இழுத்துப் பிடித்தால்தான் கம்ப்ரசர் ஓடும். ஃபியூஸ், ரிலே இரண்டும் சரி. "எலி ஒயரைக் கடிச்ச கேஸும் நிறைய வருது" என்றார். எந்தக் கேஸைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

பிறகு மீட்டர். நீலக் குழாய் ஒன்று, சிவப்புக் குழாய் ஒன்று. என்ஜின் நின்றிருக்கையில், அந்த வெயிலுக்கு இரண்டு முள்ளும் நூறு பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும். இருபதோடு நின்றன. அழுத்தம் இப்படி விழுந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஜாம் ஆகிவிடும்.

"ஓட ஓடத் தீர்றதுக்கு இது என்ன பெட்ரோலா சார்? எங்கேயோ ஒழுகுது."

நைட்ரஜன் ஏற்றினார்கள். உதவிக்கு இருந்த தம்பி சோப்பு நுரையை மூட்டு மூட்டாகப் பிரஷ்ஷால் தடவினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்டன்சரின் கீழ் மூலையில், கல் பட்ட வடுவைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தது. நுரை பட்டதும் அங்கே கடுகளவு ஒரு குமிழி. அதன் மேல் இன்னொன்று. தம்பி மூச்சுவிடாமல் பார்த்தான்.

கண்டன்சரை மாற்றி, அரைமணி நேரம் வேக்வம் போட்டார்கள். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளுமாம். பம்பை நிறுத்திய பிறகும் முள் நகர்கிறதா என்று பாய் டீ குடித்தபடி காத்திருந்தார். முந்தைய கடைக்காரர் மிச்சம் பிடித்தது இந்த நேரத்தைத்தான். கடைசியில் ஆர்134ஏ கேஸ், பானட் ஸ்டிக்கரில் போட்டிருந்த 450 கிராம், தராசில் வைத்து. கூடுதலாகப் போட்டால் கூலிங் குறையத்தான் செய்யும் என்றார்.

பட்டனை அழுத்தினேன். டக்.

பில்லில் கண்டன்சர், ஆயில், கேஸ், மாட்டும் கூலி இருந்தன. நுரை தடவிய அந்த ஒரு மணி நேரம் எங்கும் இல்லை. கேட்டேன்.

"தேடுனதுக்குக் காசு கேட்டா யார் சார் கொடுப்பாங்க?"