இருண்டு போன படங்கள்

"என்ன பிள்ளை, நான் இவ்வளவு கறுப்போ? செத்தாப் பிறகு இதையோ மாலை போட்டு வைக்கப் போறியள்?"

மடிக்கணனித் திரையை எட்டிப் பார்த்த அம்மா ஒருவர் இப்படிக் கேட்டதும் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அது நான் இரண்டாவது தடவையாக எடுத்த படம். முதல் தடவை எடுத்தவை எல்லாம் இருட்டாக இருக்கின்றன என்று அழித்துவிட்டுத்தான் மறுபடியும் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன்.

இது நடந்தது 2022ஆம் ஆண்டில். முல்லைத்தீவு மாவட்டத்தில் பனையோலைக் கைப்பணி செய்யும் பெண்கள் குழு ஒன்றுடன் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். அவர்களில் பெரும்பாலானோர் தனியாகவே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். பெட்டி, தடுக்கு, நீத்துப்பெட்டி, சாயம் போட்ட கைப்பைகள் எல்லாவற்றையும் படமெடுத்து, கடைக்காரருக்குக் காட்டுவதற்குச் சிறிய கையேடு ஒன்று செய்வதுதான் திட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதை இழைத்தவரின் படமும் வரவேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். "அப்பிடியே எங்களுக்கும் நல்ல படமா ஒண்டு கழுவித் தாங்கோ" என்றும் சொன்னார்கள்.

அந்தக் கோரிக்கையின் பாரம் உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். 2009இல் கடைசி இடப்பெயர்வின்போது ஆல்பங்களைக் காவிக்கொண்டு ஓட யாரால் முடிந்தது? கலியாணப் படமும் போய், பிள்ளைகள் சிறுவயதில் எடுத்த படமும் போய், இன்று அவர்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசம் போனால் படத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். செத்த வீட்டில் வைக்க வேண்டும், 31ஆம் நாள் கல்வெட்டின் முன்பக்கத்தில் போட வேண்டும், பிறகு சுவரில் மாட்ட வேண்டும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தால் முகம் புகார் மூடியது போலத்தான் வரும். ஆகவே அந்த அம்மா பகிடியாகக் கேட்டாலும் கேட்டது பகிடிக்கல்ல.

கமரா என்னுடையதல்ல, சிநேகிதி ஒருத்தியின் நிக்கோன். அவள் தரும்போது, "ரோ கோப்பாக எடு, பிறகு திருத்தலாம்" என்று சொல்லித் தந்தாள். ரோ என்றால் பச்சை என்று அர்த்தம். சமைக்காத அரிசி போல. வழமையான ஜேபெக் படத்தைக் கமராவே சமைத்து, நிறமும் வெளிச்சமும் சேர்த்து, தேவையில்லாததைக் கழித்துச் சுருக்கித் தருகிறது. ரோ கோப்பிலோ உள்ளே விழுந்த வெளிச்சத்தின் கணக்கு முழுவதும் அப்படியே இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்தது சிநேகிதி சொன்ன அந்த ஒரு வசனம் மட்டும்.

முதல் நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை ஏறக்குறைய 150 படங்கள் எடுத்தேன். கமராவின் பின்பக்கத் திரையில் எல்லாம் வடிவாகத் தெரிந்தன. கடைசியாக, ஆடுகளைக் கட்டிவிட்டு வந்த ஒரு அம்மாவை அவருடைய குடில் வாசலில் வைத்து எடுத்தேன். பொழுது சாய்கிற நேரம். அடுத்த நாள் அலுவலகத்தில் லைட்ரூம் மென்பொருளில் திறந்தால் அத்தனையும் மங்கல். குருத்தோலையின் வெள்ளை சாம்பலாகிவிட்டது. முகங்களில் கண்ணையே காணவில்லை. எனக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கணனியில் இருந்தவற்றை அழித்தேன். அடுத்த கிழமை மெமரி கார்ட்டையும் கமராவில் போட்டு 'போர்மற்' செய்துவிட்டு மறுபடியும் போனேன். இம்முறை 60 படம்வரைதான் எடுத்தேன். அவற்றைக் காட்டும்போதுதான் மேலே சொன்ன கேள்வி வந்தது.

வவுனியாவில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். அன்றிரவு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"அக்கா, படத்தைத் திறந்த உடன ஒரு செக்கன் வெளிச்சமா இருந்திட்டுப் பிறகோ இருளுது?"

"ஓம் தம்பி! அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"அப்ப படத்தில பிழை இல்லை."

அவர் சொன்ன விளக்கத்தை என்னுடைய மொழியில் சொல்கிறேன். ஒவ்வொரு ரோ கோப்புக்குள்ளும் கமரா சமைத்த சிறிய ஜேபெக் படம் ஒன்றும் ஒட்டியிருக்கும். கமராவின் பின்திரையில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். கணனியில் திறந்ததும் முதலில் தெரிவதும் அதுதான். பிறகு மென்பொருள் அதைத் தூக்கி வைத்துவிட்டு, ரோ கணக்கிலிருந்து தானாகவே ஒரு படத்தை உருவாக்குகிறது. கமராவின் கைப்பக்குவம் அதற்குத் தெரியாது.

நிக்கோன் கமராக்களில் 'அக்ரிவ் டி-லைற்றிங்' என்று ஒரு வசதி உண்டு. வானம், வெள்ளைச் சுவர் போன்றவை வெளுத்துப் போகாமல் இருக்க, கமரா வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே படத்தை எடுக்கும். பிறகு நிழலான பகுதிகளைத் தானே உயர்த்திவிடும். அந்த உயர்த்தல் ஜேபெக் படத்துக்குத்தான் சேரும். லைட்ரூமுக்குப் போய்ச் சேருவது குறைத்து எடுத்த படம் மட்டும். சிநேகிதியின் கமராவில் அந்த வசதி போட்டபடியே கிடந்திருக்கிறது. கனொன் கமராக்களிலும் இதைப் போன்ற வெளிச்சச் சரிக்கட்டல்கள் இருக்கின்றன. ரோவில் எடுப்பவர்கள் இவற்றை நிறுத்திவிட்டு எடுப்பதே நல்லது. இல்லையென்றால் கமராக் கம்பனியின் சொந்த மென்பொருளில் திறக்கலாம். நிக்கோனின் என்எக்ஸ் ஸ்ரூடியோ இலவசம். அது கமராவின் கைப்பக்குவத்தை அறியும். ரோதெரப்பி என்ற இன்னொரு இலவச மென்பொருள், உள்ளே ஒட்டியிருக்கும் ஜேபெக்கைப் பார்த்து வெளிச்சத்தைத் தானே பொருத்திக்கொள்ளும்.

என் பக்கத்திலும் பிழை இருந்தது. தகரக் கூரை மண்டபத்தின் வாசலில், வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஆட்களை நிறுத்தி எடுத்திருந்தேன். கமராவுக்கு மனிசர் யார் சுவர் எது என்று எப்போதும் தெரிவதில்லை. பார்ப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெளிச்சம் கூடினால் மொத்தத்தையும் குறைக்கும். அப்போது முதலில் இருளுவது எங்களைப் போன்ற கறுத்த முகங்கள்தான்.

சமூகவியல் படித்த பழக்கத்தில் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிலிம் காலத்தில் கொடாக் கம்பனி, படம் கழுவும் இடங்களுக்கு நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு அட்டை அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதை 'ஷேர்லி அட்டை' என்பார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே கணக்கு. கனடாவின் லோர்னா ரோத் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 2009இல் எழுதியிருக்கிறார். கறுப்பு நிற முகங்கள் நன்றாக வரவில்லை என்ற குறையைவிட, சொக்லேற் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் தங்கள் மண்ணிறங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்டதுதான் பிலிமைத் திருத்த வழிசெய்ததாம். வாசித்தபோது சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

இன்னொரு கோபமும் இருக்கிறது. வேறொரு திட்டத்தில் உதவி வழங்கும் நிறுவனம் ஒன்றின் உத்தியோகத்தர், "கொஞ்சம் இருட்டாக இருந்தால் நல்லது, துக்கம் தெரியும்" என்று எனக்குச் சொன்னார். எங்கள் பெண்களை இருட்டில் நிறுத்திப் பார்க்கவே பலருக்கு விருப்பம். கேட்டுச் சிரிக்க வைத்து எடுத்த படத்தை அவர் தெரிவு செய்யவில்லை.

சரி, படங்களுக்கு வருவோம். லைட்ரூமில் 'எக்ஸ்போஷர்' என்ற கோட்டை 1 கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். முகத்துக்கு வேண்டிய அளவு கூட்டிவிட்டு, வெயில் பட்ட இடங்களை மட்டும் 'ஹைலைற்ஸ்' கோட்டால் கீழே இறக்கினேன். நிழலை மிதமிஞ்சி உயர்த்தினால் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். அதற்காகத்தான் எடுக்கும்போதே வெளிச்சம் போதுமா என்று பார்க்க வேண்டும். கமராத் திரையை நம்பாமல் 'ஹிஸ்ரோகிராம்' என்ற அந்த மலை போன்ற வரைபைப் பாருங்கள். மலை முழுவதும் இடப்பக்கம் குவிந்து கிடந்தால் இருட்டு. ஆளை வெயிலுக்கு முதுகு காட்டாமல் திருப்பிவிடுங்கள், அல்லது கூட்டல் கழித்தல் போட்ட பொத்தானால் ஒரு படி கூட்டுங்கள். என் மடிக்கணனியிலும் ஒரு குளறுபடி இருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தேன். நல்ல படமும் அதில் மங்கலாகத்தான் தெரியும்.

முதலில் ஆசை மிஞ்சி நிறையவே கூட்டிவிட்டேன். கேள்வி கேட்ட அதே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது ஆர்? உப்பிடி வெள்ளையா எங்கட பரம்பரையிலயே ஒருத்தரும் இல்லை" என்றார்.

ஸ்ரூடியோக்களில் மணப்பெண்ணைச் சுண்ணாம்பு பூசியதுபோல ஆக்கிவிடுவார்களே, அதே வேலையைத்தான் நானும் செய்திருந்தேன். பிறகு அவரைப் பக்கத்திலேயே இருத்தி, அவருடைய கன்னத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துப் பார்த்து இறக்கினேன். "ஆ, இப்ப நான்தான்" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு எல்லோருடைய படத்தையும் அப்படித்தான் திருத்தினேன். நேரம் எடுத்தது, பரவாயில்லை.

கையில் கைத்தொலைபேசி மட்டும் இருப்பவர்களுக்கு இவ்வளவு தலையிடி இல்லை. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் திரையில் முகத்தின்மேல் தொட்டாலே வெளிச்சம் முகத்துக்கேற்ப மாறும். பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே இழுத்தால் இன்னும் கூடும். பெரிதாகக் கழுவ வேண்டிய படத்தை மட்டும் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கள்.

கையேடு வந்தது. ஆளுக்கொரு படமும் கொடுத்தோம். ஆனால் ஆட்டுக்கார அம்மாவின் படம் இல்லை. இரண்டாம் தடவை நான் போனபோது அவர் கிளினிக்குக்குப் போயிருந்தார். முதல் நாள் படமோ நானே அழித்தது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அந்தக் கார்ட்டில இனி ஒரு படமும் எடுக்காதேங்கோ அக்கா, எடுத்து வையுங்கோ" என்றார். கடித உறை ஒன்றில் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்தேன். வேலைகள் வந்தன. அடுத்த பயணத்தில் அம்மாவை மறுபடி எடுக்கலாம்தானே என்று இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவருடைய மகள் பேசினாள். "அக்கா, அம்மா முந்தநாள் மோசம் போயிட்டா. நீங்கள் எடுத்த படம் இருக்குமோ?"

இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை. "பாத்துச் சொல்லுறன் தங்கச்சி" என்றேன்.

அன்றிரவு தம்பி தொலைபேசியில் வழி சொல்லச் சொல்ல, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். கார்ட்டைப் போர்மற் செய்யும்போது பெரும்பாலும் அழிவது பெயர்ப்பட்டியல்தான், படங்கள் உடனே அழிவதில்லை. புதிய படங்கள் அவற்றின் மேல் வந்து விழும்போதுதான் உண்மையாக அழிகின்றன. மீட்ட படங்களை அதே கார்ட்டில் சேமிக்கக் கூடாது, கணனியில்தான் சேமிக்க வேண்டும் என்று தம்பி இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் நாள் எடுத்த 60 படங்களும் முதல் நாள் காலையில் எடுத்தவற்றின் மேல் விழுந்திருந்தன. பின்னேரப் படங்கள் அப்படியே கிடந்தன. அம்மாவைக் கடைசியாக எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

அவருடையவை நான்கு வந்தன. இரண்டில் கண் மூடியிருந்தார், ஒன்று ஆட்டம். நான்காவது நல்ல இருட்டு. இரண்டரைப் படி உயர்த்தினேன். சேலையின் மடிப்பில் மணல் போலப் புள்ளிகள் வந்தன, குறைக்கக்கூடியவரை குறைத்தேன். முகம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார், முன்பல் ஒன்று இல்லை. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க இம்முறை பக்கத்தில் அவர் இல்லாதபடியால் மகளின் வீட்டுக்கே மடிக்கணனியைக் கொண்டுபோனேன். அவள் பார்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கறுப்பு அக்கா... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்ல, நான் இறக்கிக்கொண்டு வந்தேன்.

கல்வெட்டுக்குச் சிரித்த படம் போடுவதில்லை என்று மாமன் முறையான ஒருவர் ஆட்சேபித்தார். "அம்மா சிரிச்ச படம் எங்களிட்ட வேற ஒண்டுமில்லை" என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தின் கீழ் மூலையில் ஆட்டுக்குட்டி ஒன்றின் காது தெரிந்தது. வெட்டிவிடவோ என்று கேட்டேன். வேண்டாம், கிடக்கட்டும் என்றாள்.