50 பேர், சராசரி வயது 55

சொல்லுக்குப் பொருள் கொள்வது என் தொழில். அந்தப் பழக்கத்தோடுதான் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட அறுவை மருத்துவக் கட்டுரையை வாசித்தேன். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889 ஜூன் முதல் 1894 ஜனவரி வரை மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை செய்யப்பட்ட 50 பெண்களின் கணக்கு அது. மார்பு, அதன் அடியிலிருக்கும் தசை, அக்குளின் நிணநீர்க் கணுக்கள், எல்லாவற்றையும் ஒரே துண்டாக அறுத்தெடுத்தார்கள். அறுத்த இடத்தில் நோய் திரும்பியது மூன்று பேருக்குத்தான், 6 விழுக்காடு. ஐரோப்பாவில் பில்ரோத்தின் கணக்கில் அது 82.

மலைப்பதற்கு முன் ‘திரும்பியது’ என்ற சொல்லைப் பாருங்கள். தழும்பை ஒட்டி வந்தால் அது ஒரு வரிசை. சற்றுத் தள்ளித் தோலில் வந்தால் வேறு பெயர், வேறு வரிசை. அந்த இரண்டாம் வரிசையில் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்; 6க்குள் அவர்களுக்கு இடமில்லை. கடைசியாக அறுவை செய்துகொண்டவர்களுக்கோ கட்டுரை அச்சாகும்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நோய் திரும்ப அவகாசம் வேண்டாமா? பில்ரோத்தின் நோயாளிகள் வேறு ஊர், வேறு காலம். அதே மருத்துவமனையில் சிறிய அறுவை பெற்று, இவர்களோடு ஒப்பிடத்தக்க பெண்கள் என்று ஒரு குழுவே இல்லை.

இவ்வளவு வெட்டினால் கை முன்போல் இயங்காதே என்ற கேள்விக்கும் கட்டுரையில் பதில் உண்டு. உயிரோடு ஒப்பிட்டால் கை பெரிதல்ல. மேலும் இவர்கள் வயதானவர்கள், சராசரி ஏறக்குறைய 55, சமூகத்தில் இனி இயங்குபவர்கள் அல்லர் என்பது அதன் சாரம். இங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன். சராசரி 55 என்றால் அதற்குக் கீழும் பெண்கள் இருந்தாக வேண்டும். நாற்பதுகளில் இருக்கும் எனக்கு அது உறைக்கிறது. 55ஐத் தாண்டியவள்தான் மாவு பிசையவில்லையா, துணி பிழியவில்லையா, பேரப்பிள்ளையைத் தூக்கவில்லையா? ஹால்ஸ்டெட் 69 வயதில் இறக்கும்வரை பேராசிரியர் பதவியில் இருந்தார்.

அந்த அறுவை முக்கால் நூற்றாண்டு வழக்கத்தில் நின்றது. பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில், சீட்டுக் குலுக்குவதுபோல் பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு 1971இல்தான் தொடங்கியது. 1,600க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவு 2002இல் வெளியானது. தசையைத் தொடாமல் மார்பை மட்டும் எடுத்தவர்களும், கூடவே கதிர்வீச்சு பெற்றவர்களும், ஹால்ஸ்டெட் வழியில் எல்லாம் இழந்தவர்கள் அளவுக்கே வாழ்ந்திருந்தார்கள்.