தீவைக் காணோம் சார்!

திருச்சுழிக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் பெருமை அதிகம். குழாயில் வருவதைச் சொல்லவில்லை; ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். பிரளயம் வந்தபோது சிவபெருமான் பூமியைத் துளைத்து, வெள்ளத்தையெல்லாம் சுழித்து உள்ளே இறக்கிவிட்டாராம். அதனால்தான் திருச்சுழி! ஊரை ஒட்டி ஓடும் (மன்னிக்கவும், கிடக்கும்) குண்டாற்றைப் பார்த்தால், துளையை மூட மறந்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

இந்தக் கரிசல் காட்டுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி. வழியெல்லாம் சீமைக்கருவேலம். அது முடிந்தால் உப்பளம்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, வான் தீவு எங்கே இருக்கு?" என்றேன்.

"அந்தா, கோடு மாதிரி இருக்கே, அதான். எங்க அப்பா காலத்துல பெருசு தம்பி. இப்ப நாலு பேரு படுத்தா காலு தண்ணியில கெடக்கும்."

அண்ணாச்சி கொஞ்சம் அளந்தாலும் கணக்கு அவர் பக்கம்தான். 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014-ல் சுமார் 2 ஹெக்டேர்! மன்னார் வளைகுடாவில் மொத்தம் 21 தீவுகள் இருந்தன. அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே முங்கிவிட்டன.

திருடன் கடல் இல்லை சார். தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைதான் அதற்குக் காம்பவுண்டு சுவர். அலை அதில் மோதிக் களைத்துப்போய்த்தான் கரைக்கு வரும். காற்று மாறினால் மணல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். அடுத்த பருவத்தில் திரும்பும். அந்தப் பாறையைப் பல வருஷம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடுக்கும் அனுப்பினார்கள். சுவர் போச்சு. அப்புறம் போன மணல் திரும்பவில்லை. வெள்ளையடித்த பழைய வீட்டைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்... எந்தத் தீவோ!

2015-க்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யின் யோசனைப்படி, ஓட்டை வைத்த செயற்கைப் பாறைகளைக் கடலில் வரிசையாக இறக்கினார்கள். அலை அடங்கியது. கரைவது குறைந்து, கொஞ்சம் மணலும் சேர ஆரம்பித்தது. பக்கத்துக் காரியாச்சல்லித் தீவும் இதே வியாதியில்தான் இளைத்திருக்கிறது.

"தீவு போனா உங்களுக்கு என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"அலைய அதுதான தடுக்கு? அது போச்சுன்னா அடுத்தது எங்க தெருதான்."

"புதுப் பாறை போட்டாங்களே, மீன் வருதா?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வருது. பத்திரிகையில போட்றாதீங்க தம்பி, எல்லாரும் வந்துருவான்!"