வீட்டு விலைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

2016-ல் குருகிராம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் இங்கே குடியிருக்கும் நமக்கு இது இன்னும் குர்கான்தான். இந்த ஊரில் ஃப்ளாட் வாங்கும் எல்லோருக்கும் பில்டர் ஒரு விலைப்பட்டியல் கொடுப்பார். கார் பார்க்கிங், கிளப் என்று நீளும் அதில் 'ஈடிசி, ஐடிசி' என்றும் ஒரு வரி இருக்கும். "இது எதுக்குங்க?" என்று தங்கமணி கேட்டபோது விற்பனைப் பிரதிநிதி, "கவர்ன்மென்ட் சார்ஜ் மேடம்" என்று முடித்துவிட்டார். லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், எதற்கென்று தெரிய வேண்டாமா? தேடிப் படித்தேன்.

ஈடிசி என்றால் வெளிப்புற வளர்ச்சிக் கட்டணம். ஹரியானாவின் 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற வளர்ச்சிச் சட்டப்படி, காலனி போட லைசென்ஸ் வாங்குபவர் இதை அரசுக்குக் கட்டவேண்டும். குடிநீர், சாக்கடை, சாலை, மருத்துவமனை, கல்லூரி, தீயணைப்பு நிலையம் என்று காலனிக்கு வெளியே வரவேண்டியவற்றுக்கான பணம் இது. கட்டுவது பில்டர் என்று பெயர், கொடுப்பது நாம்!

சரி, பள்ளிக்கூடம்? அதற்கு அதே சட்டத்தில் வேறு வழி. பள்ளிக்கென்று காலனியில் நிலம் ஒதுக்கவேண்டும். அதில் பில்டர் தன் செலவில் கட்டலாம், அல்லது வேறொருவரை அவர் செலவில் கட்டவைக்கலாம். அரசு விரும்பினால் அந்த நிலத்தை இலவசமாகத் தரவேண்டும். அந்த 'அல்லது'வில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பகுதியில் பள்ளிக்கென்று விட்ட இரண்டு இடத்திலும் ஏசி வகுப்பறையோடு தனியார் பள்ளிகள். வீட்டு விலையிலும் கொடுத்தோம், இப்போது ஃபீஸும் கொடுக்கிறோம்.

நாமாவது கட்டிவிடுவோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் வங்காளத்திலிருந்து வந்தவர், நம்மைப் போலவே பிழைக்க வந்தவர். அவருடைய எட்டு வயது மகள் பழைய கிராமத்திலிருக்கும் அரசுப் பள்ளிக்கு ஆறுவழிச் சாலையைத் தாண்டிப் போகிறாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. இங்கே சாலை முதலில் வந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் கொஞ்சம் நேரடியாகவே செய்கிறார்கள். 1978-ல் மக்கள் ஓட்டுப்போட்டு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் இறுகியது. 1986-ல் வந்த சட்டம், புது வீடுகளுக்கு சதுர அடிக்கு 1.50 டாலர் வரை பள்ளி மாவட்டமே வசூலிக்க வழிசெய்தது. இந்த உச்சவரம்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்கிறது. முதியோர் குடியிருப்புக்குக் கட்டணம் குறைவு, அங்கிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள் வரப்போவதில்லையே! ஆனால் இந்தப் பணம் கட்டடத்துக்குத்தான், ஆசிரியர் சம்பளத்துக்கு இல்லை. பாரமும் புதிதாக வீடு வாங்கும் இளம் குடும்பத்தின் தலையில்தான்.

என்னைக் கேட்டால், புது வீட்டின் மீதான கட்டணம் நியாயம்தான். நாம் வருவதால்தானே வகுப்பறை தேவைப்படுகிறது. ஆனால் ஒருமுறை வாங்கும் பணம் சுவரைத்தான் எழுப்பும். ஆசிரியருக்கு வருஷா வருஷம் பணம் வேண்டும். அதைப் பழைய வீடு, புது வீடு எல்லாரும் சேர்ந்து தரவேண்டும். நம்மூரில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அந்த மாதிரி. தில்லியில் நமக்கு முன்னால் வந்த தமிழர்கள் சங்கம் வைத்தே லோதி ரோடு, மந்திர் மார்க், ஜனக்புரி என்று பள்ளிகள் நடத்தினார்கள்.

இங்கே வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடல் ஃப்ளாட்டின் மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்குமுன் லைசென்ஸோடு வரும் லேஅவுட் வரைபடத்தைக் கேளுங்கள். பள்ளிக்கான இடம் எது, யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். காலியாகக் கிடந்தால் குடியிருப்போர் சங்கம் வழியாக அரசுக்கு எழுதுங்கள், 'இந்த நிலத்தை நீங்களே எடுத்துப் பள்ளி கட்டுங்கள்' என்று. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எங்கள் செக்டரில் இன்னும் ஒரு துண்டு காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.