கரண்டியின் பின்புறம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டன் சென்றிருந்தபோது, பழைய பத்திரிகை நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே ஆசிரிய பீடத்தில் அருகருகே இருந்து பணியாற்றியவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற பின் அவரைப் பற்றிக்கொண்ட பித்து, விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளிக் கரண்டிகளையும் முள்ளுக்கரண்டிகளையும் சேகரிப்பது. சனிக்கிழமை தோறும் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியுடன் போர்ட்டபெல்லோ வீதிச் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார்.

முதல் நாளே ஒரு கரண்டியை என் கையில் தந்தார். அதன் பளபளப்பில் நான் மயங்கி நின்றபோது, “முகத்தைப் பார்க்காதையும் ஐசே, முதுகைப் பாரும்” என்றார்.

திருப்பிப் பார்த்தேன். காம்பின் பின்புறத்தில் அரிசியளவில் ஐந்து முத்திரைகள். நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சாட்சி. சிறுத்தையின் முகம் லண்டனில் மாற்றுப் பார்க்கப்பட்டதைக் குறிக்கும். பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அக்காலத்தில் கிரீடம். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். மகாராணியின் தலை, அரசாங்கத்துக்கு வரி செலுத்தியதற்கான அடையாளம். 1890இல் அந்த வரி நீக்கப்பட்டதும் தலையும் மறைந்தது. ஐந்தாவது, செய்தவரின் பெயரெழுத்துகள்.

நான் பிடித்திருந்த கரண்டியின் ஆண்டு 1839. பெயரெழுத்துகள் மேரி சோனர் என்ற பெண்மணியுடையவை. கரண்டிகள் செய்வதில் பெயர்பெற்றிருந்த கணவர் வில்லியம் சோனர் 1834இல் இறந்ததும், பட்டறையைத் தாமே பொறுப்பேற்றுத் தம் பெயரில் முத்திரை பதிவு செய்தவர் அவர். 1840இல் மருமகன் ஜோர்ஜ் வில்லியம் அடம்ஸ் தொழிலில் சேர்ந்தார்.

ஆனால் அந்த எழுத்துகள் கரண்டியை அடித்து வடித்த கையினுடையவை அல்ல, பொருளுக்குப் பொறுப்பேற்றவருடையவை. சுத்தியல் பிடித்தவரும் மெருகு தீட்டியவரும் எங்கள் அச்சுக்கோப்பாளர்களைப் போலப் பெயரின்றியே போய்விட்டனர். எனினும், தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பெயராவது அங்கே இருந்தது.

அன்று மாலை நண்பரின் உறவினர் ஒருவர் தேக்குப் பெட்டி ஒன்றுடன் வந்தார். உள்ளே பன்னிரண்டு முள்ளுக்கரண்டிகள். மகளின் திருமணத்துக்குக் கொடுப்பதற்காக, வெள்ளி என்று சொல்லப்பட்டதை நம்பி, ஒரு மாதச் சம்பளத்தை ஈந்து வாங்கியிருந்தார்.

“அண்ணை, நல்ல வெள்ளிதானே?”

நண்பர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நான்கு சின்னஞ்சிறு கேடயங்கள்; தூரத்தில் பார்த்தால் அசல் முத்திரைகள் போலவே இருந்தன. ஆனால் அவற்றுக்குள் சிங்கமில்லை. ஈ, பீ, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள். நிக்கல் சில்வரின் மீது மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. பெயரில்தான் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்தில் வெள்ளி கிடையாது.

இந்த முலாம் தொழிலை இழிவாக எண்ண வேண்டியதில்லை. பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் சகோதரமுறையினர் 1840இல் அதற்குக் காப்புரிமை பெற்றதன் பயனாக, நடுத்தர வீடுகளின் மேசைகளுக்கும் அந்த அழகு வந்து சேர்ந்தது. முலாமை வெள்ளி என்று விற்றவரிடமே குற்றம்.

நண்பர் என்னைப் பார்த்தார். திருமணத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. உண்மையைச் சொல்லி ஒரு தகப்பனின் மகிழ்ச்சியைக் கெடுப்பதா? செய்தியை இன்று போடுவதா, நாளைக்கு வைப்பதா என்று எத்தனையோ இரவுகளில் நாங்கள் தயங்கியிருந்ததை நினைத்துக்கொண்டேன். நான் தலையசைத்தேன்.

“தம்பி, இது முலாம்” என்றார் நண்பர்.

வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒவ்வொரு முள்ளுக்கரண்டியாகத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினார்.

“அப்ப முலாம் எண்டு சொல்லியே குடுப்பம்.”

நான் ஊர் திரும்பிய பின் நண்பர் தொலைபேசியில் சொன்னார்: பெட்டியினுள் ஒரு சிறு காகிதத்தில் “வெள்ளி முலாம்” என்று எழுதி, அதன் கீழே தகப்பன் தன் கையெழுத்தை இட்டிருந்தாராம்.

அதுவும் ஒரு முத்திரைதான் என்று எனக்குத் தோன்றியது.